சேற்றில் இறங்குவோரின் கோரிக்கைச் சாசனம்

நாற்று நடுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள், வாய்க்கால் தூர்வாருகிறவர்கள், வெங்காயப் பட்டறை போடுகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் ரத்தமும் சீழும் பார்க்கிறவர்கள் ஆகிய நாங்கள் சேர்ந்து எழுதிய சாசனம் இது. தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, வேளாண்மை – உழவர் நலத் துறை, கால்நடை பராமரிப்புத் துறை மூன்றுக்கும் ஒரே நகலை அனுப்புகிறோம். துறைக்கொரு மனுவாக எழுதினால் கோப்பு சீக்கிரம் நகரும் என்று விவரம் தெரிந்த சிலர் சொன்னார்கள். அப்படிப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததால்தான் இந்தக் கிருமி இத்தனை காலம் யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

எதைப் பற்றிக் கேட்கிறோம்

பர்க்ஹோல்டேரியா என்பது ஒரு பாக்டீரியாப் பேரினம். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வேரைச் சுற்றியும் வாழ்வது. இதன் ஓர் இனமான குளூமே நெற்கதிரைப் பதராக்கும். செபேசியா வெங்காயத்தை அழுகச் செய்யும். மாலி என்பது குதிரைக்கும் கழுதைக்கும் கிளாண்டர்ஸ் நோயைக் கொடுக்கும். சூடோமாலி என்பது நடவு வயலில் காலில் புண்ணோடு நிற்கும் மனிதரின் உடம்புக்குள் புகுந்து நுரையீரல், கல்லீரல், மண்ணீரல் என்று கண்ட இடத்தில் சீழ்க்கட்டி வைக்கும். அந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று பெயர். ஆட்டுக்கும் பன்றிக்கும் அதே நோய் வரும்.

பேரினத்தின் பெயரே ஒரு பயிர் நோயியலாளருடையது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பர்க்ஹோல்டர் 1950-ல் வெங்காயத்தின் புளித்த அழுகலுக்குக் காரணமான பாக்டீரியாவை விவரித்து எழுதினார். பின்னாளில் இந்தக் கூட்டமெல்லாம் சூடோமோனாஸ் என்ற பெரிய பேரினத்துக்குள்தான் கிடந்தது. 1992-ல்தான் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனியே பிரித்து அவர் பெயரை வைத்தார்கள். இந்தக் கூட்டத்தில் எல்லாமே எதிரி என்று நாங்கள் சொல்லவில்லை. தொட்டாற்சுருங்கியின் வேர்முடிச்சில் இருந்துகொண்டு காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நல்லவையும் இதில் இருந்தன. அவற்றை இப்போது பாராபர்க்ஹோல்டேரியா என்று வேறாக வைத்திருக்கிறார்கள்.

மனித நோயின் வரலாறு ரங்கூனில் தொடங்குகிறது. 1911-ல் அங்கே பிணக்கூறாய்வு செய்துவந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு பணியாற்றிய சி. எஸ். கிருஷ்ணசாமியும், மார்ஃபின் ஊசிப் பழக்கம் இருந்த ஏழைகளின் உடல்களில் அதுவரை யாரும் விவரிக்காத ஒரு சீழ்நோயைக் கண்டார்கள். 1912-ல் ‘இந்தியன் மெடிக்கல் கெசட்’ இதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பிற்பாடு ‘விட்மோர் நோய்’ என்றுதான் உலகம் அழைத்தது. கிருஷ்ணசாமி அடிக்குறிப்போடு நின்றுவிட்டார். மெலியோய்டோசிஸ் என்ற பெயரை 1921-ல் மலாயாவில் இருந்த ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இரு மருத்துவர்கள் வைத்தார்கள்.

அதாவது, இது நேற்று வந்த நோயில்லை. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் சாகிறார்கள் என்று 2016-ல் வெளியான ஒரு கணிப்பு சொல்கிறது. அதில் ஏறக்குறைய 44 சதவீதம் தெற்காசியாவில். இவை கணித மாதிரி கொண்டு போட்ட மதிப்பீடுகள். ஆள் எண்ணி எடுத்த கணக்கு நம்மிடம் இல்லை. இந்தச் சாசனமே அந்தக் கணக்குக்காகத்தான்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். அங்கே முதல் நோயாளி 1927-ல் பதிவானார். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். 2006-க்குப் பிறகு கொழும்பு மருத்துவ பீடத்தின் நுண்ணுயிரியலாளர்கள் ஊர் ஊராக மருத்துவமனை ஆய்வகங்களோடு சேர்ந்து முறையாகத் தேட ஆரம்பித்ததும் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போனது. கிருமி புதிதாகக் கப்பலேறி வந்துவிடவில்லை. அதே மண், அதே நெல், அதே மழை. நம் பக்கத்திலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தன் நோயாளிகளைப் பற்றி 2003-லேயே எழுதியிருக்கிறது. பெரிய ஆய்வகம் இருக்கிற ஊரில் நோய் இருக்கிறது. ஆய்வகம் இல்லாத ஊரில் நோயும் இல்லை என்பது விந்தையான கணக்கு.

கோரிக்கை 1: பெயர் சொல்லி அறிவிக்க வேண்டும்

குதிரைக்கு வரும் கிளாண்டர்ஸுக்கு இந்த நாட்டில் 1899-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். வெள்ளைக்காரப் படைக்குக் குதிரை முக்கியம். 2009-ல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு, கால்நடைத் தொற்றுநோய்கள் அனைத்துக்கும் சேர்த்து மத்தியச் சட்டம் வந்தது. அதன் பட்டியலிலும் கிளாண்டர்ஸ் இருக்கிறது. ஒரு குதிரைக்கு நோய் உறுதியானால் தகவல் மேலே போகிறது, சுற்றுவட்டாரம் சோதிக்கப்படுகிறது, கொல்லப்படும் விலங்குக்கு இழப்பீடு உண்டு. இது சரியான ஏற்பாடு. குறை சொல்ல வரவில்லை.

மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்வது: குதிரையைக் கொல்லும் மாலி, மனிதரைக் கொல்லும் சூடோமாலியிலிருந்து பிரிந்து, மண்ணில் தனித்து வாழும் திறனை இழந்து, விலங்குடம்பையே நம்பிப் பிழைக்கும்படி சுருங்கிப்போன கிளை. கிளைக்குச் சட்டம் இருக்கிறது. மூலத்துக்கு இல்லை. மெலியோய்டோசிஸ் நாடு முழுவதற்குமான அறிவிக்கை நோயாக இன்னும் ஆகவில்லை. நடவு வயலில் நின்ற ஒருவர் மூன்று நாள் காய்ச்சலில் இறந்தால் ‘நிமோனியா’, ‘செப்சிஸ்’, ‘சர்க்கரை நோயின் சிக்கல்’ என்று சான்றிதழில் எழுதப்படும். அந்தச் சாவு எந்தப் பட்டியலிலும் மெலியோய்டோசிஸாக ஏறாது.

1939-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் மெலியோய்டோசிஸை அறிவிக்கை நோயாகப் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் எல்லா ஆய்வகங்களும் உறுதிசெய்த நோயாளிகளை மாவட்டச் சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிப்பதற்காக எந்த ஊரையும் ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. ஆளிடமிருந்து ஆளுக்குப் பரவுவது மிக அரிது.

கோரிக்கை 2: மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே கண்டுபிடிக்க வேண்டும்

இதை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களில் சிலர் வற்புறுத்திச் சேர்த்தார்கள். சற்று நீளமாகவே சொல்கிறோம்.

இந்த நோய் பல வேடம் போடும். நுரையீரலில் வந்தால் காசநோய் போலிருக்கும். எக்ஸ்ரேயில் மேல்பகுதி நிழல், இருமல், எடை இறக்கம், மாலைக் காய்ச்சல் எல்லாமே ஒத்துப்போகும். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்த பிறகும் காசநோய் மாத்திரை தொடங்கப்படும். மாதங்கள் போகும். அந்த மாத்திரைகள் இந்தக் கிருமியைத் தொடாது.

சீழையோ ரத்தத்தையோ வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. கிருமி சாதாரணத் தட்டிலேயே வளரும், ஆனால் மெதுவாக. சுருக்கம் விழுந்த அதன் அடையாளத் தோற்றம் வர நாலு நாளாவது ஆகும். இரண்டாம் நாளே தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘சூடோமோனாஸ் இனம்’ என்றோ ‘வெளியிலிருந்து கலந்த கிருமி’ என்றோ எழுதி முடித்துவிடுவது வழக்கம். தானியங்கி இயந்திரம் இருந்தாலும் சில நேரம் செபேசியா என்று தவறாகக் காட்டும்.

இதற்குக் கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். ஆக்சிடேஸ் சோதனையில் நேர்மறை காட்டும் ஒரு கிருமி, ஜென்டாமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்ஸிக்ளாவுக்கு மட்டும் அடங்கினால், சந்தேகப்பட வேண்டும். மூன்று மருந்து வட்டுகளில் முடிகிற வேலை. லேடெக்ஸ் சோதனைப் பொருள் இருந்தால் சில நிமிடங்களில் உறுதிக்கு நெருங்கிவிடலாம். கிருமி இருக்கும் திறந்த தட்டை முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கத்தை நிறுத்த வேண்டும். காற்று வழியே ஆய்வகப் பணியாளருக்குத் தொற்றக்கூடியது இது. பாதுகாப்புக் கூண்டு பழுதாகிக் கிடக்கும் ஆய்வகத்தில் எங்களை இந்த வேலை செய்யச் சொல்லாதீர்கள்.

ஆகவே, எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் நுண்ணுயிர் வளர்ப்பு ஆய்வகம், பயிற்சி, ஆஷ்டவுன் வகை வளர்ப்பூடகம், இயங்கும் பாதுகாப்புக் கூண்டு ஆகியவை வேண்டும். சர்க்கரை உள்ளவருக்கு நுரையீரல் அல்லது ஈரல் கட்டியோடு காய்ச்சல் வந்தால், முதல் ஊசிக்கு முன்பே ரத்த வளர்ப்பு எடுக்கும்படி நிலையான ஆணை வேண்டும்.

கோரிக்கை 3: மருந்து மூன்று மாதமும் கைக்கு வர வேண்டும்

பெனிசிலின், ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்று வார்டில் வழக்கமாக ஏற்றப்படுபவை இந்தக் கிருமிக்கு வேலை செய்யாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியே குறைந்தது 10 முதல் 14 நாள். பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம். தாய்லாந்தின் உபோன் ராச்சதானியில் நடந்து 1989-ல் முடிவு வெளியான மருத்துவச் சோதனையில், பழைய கூட்டு மருந்துகளுக்குப் பதில் செஃப்டாசிடிம் கொடுத்ததும் கடும் நோயாளிகளில் 74 சதவீதமாக இருந்த சாவு 37 சதவீதமாக, சரிபாதியாக இறங்கியது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் 1989 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு நோயாளியையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டில் 1,148 பேர். முதல் ஐந்தாண்டில் நூற்றுக்கு 31 பேர் இறந்தார்கள், கடைசி ஐந்தாண்டில் 6 பேர். புது அதிசய மருந்து ஏதும் வரவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தது.

நம்மிடமும் இந்த மருந்துகள் உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிற வகையறாதான். நடுவில் அறுந்துபோவது மாத்திரைக் காலம்தான். காய்ச்சல் விட்டதும் நோயாளி வீட்டுக்குப் போவார், அறுவடை வந்துவிடும், மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வாங்கப் பேருந்துக் காசும் ஒருநாள் கூலியும் போக வேண்டும். மாத்திரையை நடுவில் விட்டால் நோய் திரும்பும். காசநோயாளிக்கு வீடு தேடி வந்து மாத்திரை பார்க்கிற ஆளும், மாதந்தோறும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் இருக்கின்றன. இந்த நோயாளிக்கும் அதே ஏற்பாட்டை விரிவாக்குங்கள். தொழிலால் வந்த நோய் என்பதால், சிகிச்சைக் காலத்துக்கு வேளாண் தொழிலாளர் நல வாரியம் வழியாகக் கூலி இழப்பீடும் கேட்கிறோம்.

கோரிக்கை 4: சர்க்கரையும் மழையும் சேரும் இடம்

இந்தியாவெங்கும் நடந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் 2023 முடிவுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். மெலியோய்டோசிஸ் வந்தவர்களை எந்த நாட்டில் எண்ணினாலும் பாதிக்கு நெருக்கமாகவோ அதற்கு மேலோ சர்க்கரை உள்ளவர்கள். சம்பா நடவும் களையெடுப்பும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் ஐப்பசி, கார்த்திகையில், சர்க்கரையும் சேற்றுப்புண்ணுமாக முழங்கால் சேற்றில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தத் துறையாவது எண்ணியிருக்கிறதா? மருதாணி அரைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் இறங்குகிறோம்.

2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்தத் தன்னார்வலர்தான் இந்தச் சேதியைச் சொல்லச் சரியான ஆள். மாத்திரை தரும்போதே காலைப் பார்க்கட்டும். புண் இருந்தால் ஆறும்வரை சேற்றில் இறங்காதீர்கள் என்று சொல்லட்டும். சொன்னால் அந்த நாட்களுக்கு ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கரைமேல் வேலை தர ஊராட்சி முன்வர வேண்டும். கூலி இல்லாத அறிவுரையை எங்களால் கடைப்பிடிக்க முடியாது.

பூட்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டார்வினில் மழைக்காலத்தில் பூட்ஸும் கையுறையும் போடச் சொல்கிறார்கள். தோட்ட வேலைக்கு அது பொருந்தும். உழுது கலக்கிய நடவுச் சேற்றில் முழங்கால் ரப்பர் பூட்ஸோடு இறங்கிப் பாருங்கள், காலை எடுத்தால் பூட்ஸ் சேற்றிலேயே நிற்கும். எனவே மேடை போட்டு பூட்ஸ் வழங்கும் விழா எங்களுக்கு வேண்டாம். காலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய ரப்பர் காலுறை போன்றதை, நடவு செய்கிற பெண்களையே போட்டுப் பார்க்கச் சொல்லி, அவர்கள் ஒப்புக்கொண்ட பின் கொடுங்கள்.

குடிநீரையும் விடக் கூடாது. வட ஆஸ்திரேலியாவில் குளோரின் கலக்காத குழாய்நீர் வழியே இந்த நோய் பரவிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. மேல்நிலைத் தொட்டிகளில் குளோரின் அளவை மழை மாதங்களில் நாள்தோறும் பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

கோரிக்கை 5: பதரான கதிருக்குக் காரணம் சொல்லுங்கள்

நெல்லில் குளூமே இனம் 1950-களில் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. அமெரிக்காவின் லூசியானாவில் பல ஆண்டுகள் ‘வெயிலால் வந்த பதர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990-களின் நடுவில்தான் பாக்டீரியா என்று தெரிந்தது. 1995-லும் 1998-லும் அங்கே சில வயல்களில் விளைச்சலில் 40 சதவீதம் வரை போனது. இரவிலும் வெப்பம் தணியாத ஆண்டுகளில் இது தலைதூக்கும். வட இந்தியாவிலும் இந்நோய் பதிவாகிவிட்டது.

எங்கள் வயலில் பால் பிடிக்கும் பருவத்தில் மணி கறுத்துப் பதரானால் கதிர் நாவாய்ப்பூச்சி, நெல்பழம், குலைநோய், துத்தநாகக் குறை என்று ஆளுக்கொன்று சொல்லி ஆளுக்கொரு மருந்து விற்கிறார்கள். குளூமேயின் அடையாளம் வேறு. கதிர்க்காம்பு பச்சையாகவே இருக்கும், மணியின் அடிப்பாதி முதலில் நிறம் மாறும், எடை ஏறாததால் கதிர் தலைசாயாமல் விறைத்து நிற்கும். இது விதை வழியே வரும் பாக்டீரியா என்பதால் பூச்சிக்கும் பூஞ்சைக்குமான மருந்தைத் தெளித்துப் பயனில்லை. ஜப்பானில் விதைக்கும் கதிருக்கும் ஆக்சோலினிக் அமிலம் பயன்படுத்தினார்கள். அதற்கு அடங்காத கிருமிகளும் அங்கே தோன்றிவிட்டன. ஆகவே கடைக்காரர் நீட்டும் ஆன்டிபயாடிக் பொட்டலத்தைத் தடுத்து நிறுத்துங்கள்.

விதைச் சான்றளிப்பில் குளூமே சோதனையைச் சேருங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் டெல்டா மாவட்டங்களின் பதரான கதிர்களை மூன்று சம்பா பருவங்கள் தொடர்ந்து சேகரித்து, இருக்கிறது, இல்லை என்று தெளிவாகச் சொல்லட்டும். இல்லை என்றால் எங்களுக்குத்தான் நிம்மதி. இருந்தால் பயிர்க் காப்பீட்டில் அதன் பெயர் ஏற வேண்டும்.

கோரிக்கை 6: வெங்காயத்திலிருந்து வார்டு வரை

செபேசியா வெங்காயத்தின் கழுத்து வழியே புகுந்து உள்ளடுக்கை வழவழப்பாக்கும். வெளித்தோல் நன்றாகவே இருக்கும். பட்டறையைத் திறந்தால் புளித்த நாற்றம். அறுவடைக்கு முன் கடைசி நீரை எப்போது நிறுத்துவது, தாள் காயுமுன் அறுப்பதால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் பெரம்பலூர், திண்டுக்கல், நாமக்கல் பக்கத்து விவசாயிகளுக்கு வயலில் வந்து காட்டினால் போதும்.

இதே கூட்டத்துக் கிருமிகள் மருத்துவமனையில் வேறு உருவம் எடுக்கின்றன. கிருமிநாசினிக்குள்ளேயே உயிர்வாழும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் போவிடோன் அயோடின் கரைசலிலேயே இவை இருந்தன. 2021-ல் அங்கே அல்ட்ராசவுண்ட் ஜெல்லில் வந்து நோயாளிகளைத் தாக்கின. அதே ஆண்டு, இந்தியாவில் தயாரான ஓர் அறை நறுமணத் தெளிப்பான் புட்டியில் சூடோமாலி கிருமி இருந்து, அமெரிக்காவில் நாலு மாநிலங்களில் நாலு பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். புட்டியைச் சோதித்தது அவர்கள் நாடு. தண்ணீர் கலந்து புட்டியில் அடைக்கும் எல்லா மருத்துவ, அழகுப் பொருள்களுக்கும் இந்தப் பேரினத்துக்கான சோதனையை இங்கேயே கட்டாயமாக்க வேண்டும்.

உயிர் உரம், உயிர்ப் பூச்சிக்கொல்லி என்று வரும் பொட்டலங்களிலும் எந்தக் கிருமி உள்ளே இருக்கிறது என்பதை அரசு ஆய்வகம் பார்க்க வேண்டும். நாங்கள் விதைநேர்த்திக்குக் கலக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசென்ஸ் வேறு இனம், அதன்மேல் எங்களுக்குப் புகார் இல்லை. செபேசியாவையும் அமெரிக்காவில் ஒரு காலம் பயிர்க்காவலனாக விற்றார்கள், பிறகு நுரையீரல் நோயாளிகளுக்கு அதனால் வந்த ஆபத்தைக் கண்டு கட்டுப்படுத்தினார்கள் என்பதால் கேட்கிறோம்.

கோரிக்கை 7: ஆடு, குதிரை, கழுதை

ஆட்டின் நுரையீரலிலோ மண்ணீரலிலோ மடியிலோ கட்டி கண்டால் கால்நடை மருத்துவர் சீழை வளர்ப்புக்கு அனுப்ப வேண்டும். முடிவு அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும். ஆடு மேய்வதும் நாங்கள் களையெடுப்பதும் ஒரே நிலத்தில்தான். கடற்கரையிலும் மலைவாசத் தலங்களிலும் சவாரிக்கு விடும் குதிரைகள், செங்கல் சூளைக் கழுதைகள் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கொரு முறை இலவசக் கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனை வேண்டும். இழப்பீடு சந்தை விலைக்குப் பக்கத்தில் இல்லாவிட்டால் நோய்ப்பட்ட குதிரையை இரவோடிரவாக வேறு ஊருக்கு ஓட்டிவிடுவார்கள். குதிரைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

கோரிக்கை 8: மண்ணைச் சோதித்து முடிவை ஊரில் சொல்லுங்கள்

மூன்று துறைகளும் சேர்ந்து, டெல்டாவிலும் கடலோர மாவட்டங்களிலும் வயல்மண், வாய்க்கால் நீர் மாதிரிகளை மழைக்கு முன்னும் பின்னும் எடுக்க வேண்டும். வேளாண்மைப் பல்கலைக்கழகம், கால்நடைப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரிகள் மூன்றும் கிருமிகளை ஒரே பெட்டகத்தில் வைத்து மரபணு ஒப்பிட வேண்டும். முடிவுகள் ஆங்கில இதழில் வருவதற்கு நாங்கள் தடையில்லை. அதற்கு முன் அவை தமிழில், அந்தந்த ஊராட்சியின் அக்டோபர் 2 கிராம சபையில், மழை பிடிக்கும் முன்னால் வாசிக்கப்பட வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஒரு நோயாளியும் இல்லை என்று அறிக்கை வந்தால், எத்தனை பேரின் ரத்தத்தை வளர்ப்புச் சோதனை செய்துவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் அதே தாளில் இருக்க வேண்டும்.